கல்லறையில் ஓர் எண்!



இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் சேல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே புரூக்லாண்ட்ஸ் என்ற கல்லறைத் தோட்டம் உண்டு. அதில் ஒரு கல்லறையின் மேல், இறந்தவரின் பெயரோடு ஓர் எண்ணும் செதுக்கப்பட்டிருக்கிறது. 772.55 என்பதுதான் அந்த எண்.

அது அவருடைய பிறந்த ஆண்டு இல்லை. வீட்டு எண்ணும் இல்லை. அந்த எண்ணைக் கண்டுபிடிக்க அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தார். ஆரம்பத்தில் அவர் சொன்னதைக் கேட்கப் பெரிய விஞ்ஞானிகள் யாரும் தயாராக இல்லை. இன்று அவர் பெயர் உலகத்தில் உள்ள எல்லா அறிவியல் பாடப் புத்தகங்களிலும் இருக்கிறது. உங்கள் புத்தகத்திலும் இருக்கிறது!

ஆற்றலை எந்த அலகால் அளக்கிறோம்? ஜூல் என்ற அலகால் அல்லவா? அந்த ஜூல்தான் இவர். முழுப் பெயர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல்.

நோஞ்சான் பையன்

1818ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி, மான்செஸ்டரை ஒட்டியுள்ள சால்ஃபோர்டு என்ற ஊரில் ஜேம்ஸ் பிறந்தான். அப்பா பெஞ்சமின் ஜூல் பீர் தயாரிக்கும் ஆலை ஒன்றின் சொந்தக்காரர். வசதியான குடும்பம். ஆனால் ஜேம்ஸுக்கு முதுகெலும்பில் பலவீனம் இருந்தது. மற்ற பிள்ளைகளைப் போல ஓடியாடி விளையாட முடியவில்லை. கூச்ச சுபாவம் வேறு! அதனால் வீட்டுக்கே ஆசிரியர்களை வரவழைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

1834இல் அப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். ஜேம்ஸையும் அவன் அண்ணனையும் ஜான் டால்டனிடம் படிக்க அனுப்பினார். பொருள்கள் எல்லாம் அணுக்களால் ஆனவை என்ற கொள்கையை உலகத்துக்குத் தந்த அதே டால்டன்தான்! அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. வேதியியலும் மின்சாரமும் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசையோடு போன பையன்களை உட்கார வைத்து, டால்டன் முதலில் கணக்கும் வடிவியலும் போடச் சொன்னார். 1837இல் அவர் பக்கவாதத்தால் படுத்துவிட, பாடம் நின்று போனது. ஆனால் எதையும் பொறுமையாக அளந்து பார்க்க வேண்டும் என்ற பழக்கம் ஜேம்ஸிடம் ஒட்டிக்கொண்டது.

இப்படிச் சொன்னதும் ஜேம்ஸ் சாதுப் பிள்ளை என்று நினைத்துவிடாதீர்கள். வின்டர்மியர் ஏரியில் படகில் போய், எதிரொலியைச் சோதிக்கத் துப்பாக்கியில் மும்மடங்கு வெடிமருந்தைத் திணித்துச் சுட்டு, துப்பாக்கியைத் தண்ணீரில் பறிகொடுத்து, புருவத்தையும் பொசுக்கிக்கொண்டான் என்று ஒரு கதை உண்டு. நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்!

ஆலை முதலாளியின் ஆராய்ச்சி

ஜூல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. வளர்ந்ததும் அப்பாவின் ஆலையை நிர்வகிக்கும் பொறுப்பில் பங்கெடுத்துக்கொண்டார். பீர் தயாரிப்பில் வெப்பநிலை மிகவும் முக்கியம். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சரக்கு கெட்டுவிடும். அதனால் வெப்பமானியைக் கூர்ந்து பார்ப்பது அவருக்குத் தினசரி வேலை ஆயிற்று. மீதி நேரத்தில், வீட்டில் இருந்த சொந்த ஆய்வுக்கூடத்தில் சோதனைகள் செய்தார்.

அந்தக் காலத்தில் தொழிற்சாலைகள் எல்லாம் நீராவி எஞ்சினால் ஓடின. மின்சார மோட்டார் புதிதாக வந்திருந்த சமயம். நீராவி எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு மின் மோட்டாரால் ஆலையை ஓட்டினால் என்ன என்று யோசித்தார் ஜூல். 1838இல், பத்தொன்பது வயதில், தான் செய்த மோட்டாரைப் பற்றித் தன் முதல் கட்டுரையை வெளியிட்டார்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்ததும் ஏமாற்றம். அன்றைய மோட்டார்கள் மின்கலத்தால் ஓடின. மின்கலத்தில் துத்தநாகம் கரைந்துதான் மின்சாரம் வரும். ஒரு பவுண்டு துத்தநாகம் செய்கிற வேலையைவிட, நல்ல நீராவி எஞ்சினில் எரியும் ஒரு பவுண்டு நிலக்கரி நாலைந்து மடங்கு அதிக வேலை செய்தது. நிலக்கரி விலையும் மலிவு. ஆக, மோட்டார் கனவு கலைந்தது.

ஆனாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் ஜூலுக்குப் புதிய பாதை கிடைத்தது. இதைப் புரிந்துகொள்ள, வேலை என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோமா?

இயந்திரம் செய்யும் தந்திரம்

ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குகிறீர்கள். அதையே இரண்டு மீட்டர் தூக்கினால் இரண்டு மடங்கு வேலை. இரண்டு கிலோவை ஒரு மீட்டர் தூக்கினாலும் இரண்டு மடங்கு வேலைதான். அதாவது, விசையையும் அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தையும் பெருக்கினால் வருவது வேலை.

கனமான பாறையைக் கையால் அசைக்க முடியாது. கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினால் அசைகிறது. கடப்பாரை ஒரு நெம்புகோல். நம் கையின் விசை குறைவு. ஆனால் நம் கை கீழே வரும் தூரம் அதிகம். பாறை எழும்பும் தூரமோ ஒரு விரல்கடைதான்! ஒரு நிலையான கப்பியும் ஒரு நகரும் கப்பியும் சேர்ந்த அமைப்பில் பாதி விசை போதும். ஆனால் எடை ஒரு மீட்டர் ஏற, நீங்கள் இரண்டு மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். லாரியில் பீப்பாயை ஏற்றச் சாய்வாகப் பலகை போடுகிறார்களே, அதுவும் அப்படித்தான். விசை குறையும், தூரம் கூடும்.

நெம்புகோல், கப்பி, சாய்தளம் போன்ற எளிய இயந்திரங்கள் நமக்கு விசையை மிச்சப்படுத்தித் தரும். வேலையை மிச்சப்படுத்தித் தராது.

உண்மையில் நாம் போடும் வேலையில் கொஞ்சம் காணாமலும் போய்விடும்! கப்பி கிறீச்சிடும், அச்சு தேயும். அந்த வேலை எங்கே போனது? குளிர் காலத்தில் இரண்டு கைகளையும் பரபரவென்று தேய்த்துப் பாருங்கள். சூடாகிறதல்லவா? உராய்வு வேலையை வாங்கிக்கொண்டு வெப்பத்தைக் கொடுக்கிறது.

ஆனால் ஜூல் காலத்து விஞ்ஞானிகள் பலர் அப்படி நினைக்கவில்லை. வெப்பம் என்பது கலோரிக் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம். அது ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குப் பாயும். அதைப் புதிதாக உண்டாக்கவோ அழிக்கவோ முடியாது என்று நம்பினார்கள். ரம்ஃபோர்டு என்பவர் 1798இலேயே இதைக் கேள்வி கேட்டிருந்தார். பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது, துளைக்கும் வரையில் சூடு வந்துகொண்டே இருக்கிறது, தீரவே இல்லை என்று அவர் காட்டினார். ஆனாலும் பழைய நம்பிக்கை போகவில்லை.

ஜூல் கேட்ட கேள்வி வேறு மாதிரியானது. வேலை வெப்பமாக மாறுகிறது என்றால், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று ஒரு கணக்கு இருக்க வேண்டும். எந்த வழியில் செய்தாலும் அந்தக் கணக்கு மாறாமல் இருக்க வேண்டும். அந்த எண் என்ன?

யாரும் கேட்கவில்லை

மின்சாரம் பாயும் கம்பி சூடாவதை ஜூல் முதலில் அளந்தார். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது என்று 1840இல் கண்டுபிடித்தார். இதுதான் நீங்கள் பள்ளியில் படிக்கும் ஜூல் வெப்ப விதி.

பிறகு, கீழே இறங்கும் எடைக்கற்களால் சுழலும் ஒரு மின்னாக்கியைச் செய்து, அது தண்ணீரை எவ்வளவு சூடாக்குகிறது என்று அளந்தார். 1843இல் அயர்லாந்தின் கார்க் நகரில் விஞ்ஞானிகள் கூட்டம் நடந்தது. ஜூல் தன் முடிவுகளை அங்கே வாசித்தார். பாராட்டும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. வெறும் மௌனம்!

அடுத்த ஆண்டு காற்றை அழுத்தி அதில் எழும் வெப்பத்தை அளந்தார். அந்தக் கட்டுரையை ராயல் சொசைட்டி தன் பெரிய இதழில் வெளியிட மறுத்துவிட்டது. ஜூல் அளந்த வெப்பநிலை மாற்றங்கள் மிகச் சிறியவை. ஒரு டிகிரியின் சின்னஞ்சிறு பகுதியை வைத்துக்கொண்டு ஒரு பீர் ஆலைக்காரர் அறிவியலின் அடிப்படையையே மாற்றச் சொன்னால் யார் நம்புவார்கள்?

அவருடைய இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஜூல் கோபப்படவில்லை. இன்னும் நுட்பமாக அளக்க ஆரம்பித்தார்.

துடுப்பு சுழல்கிறது

இப்போது ஜூல் செய்த கருவி, நாம் மேலே பார்த்த எளிய இயந்திரங்களின் கூட்டணிதான்.

ஒரு செம்புப் பாத்திரம். அதில் தண்ணீர். உள்ளே பித்தளைத் துடுப்புகள் பொருத்திய ஓர் அச்சு. துடுப்போடு சேர்ந்து தண்ணீரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கக் கூடாதே! அதனால் பாத்திரத்தின் உள்சுவரில் அசையாத தடுப்புகள். அச்சின் மேல் முனையில் ஓர் உருளை. அதில் சுற்றிய நூல் இரண்டு பக்கமும் கப்பிகளுக்குப் போகிறது. கப்பிகளிலிருந்து இரண்டு ஈயக்கட்டிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 29 பவுண்டு எடை.

எடைகள் மெதுவாக இறங்கும். துடுப்பு சுழலும். தண்ணீர் கலங்கும். ஐந்தடிக்குச் சற்று அதிகமாக இறங்கி எடைகள் தரையைத் தொட்டதும், திரும்பச் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். மறுபடி இறங்க விட வேண்டும். இப்படி இருபது முறை! ஒரு சோதனைக்குச் சுமார் 35 நிமிடம். அவ்வளவு பாடுபட்டும் தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறியது தெரியுமா? சுமார் அரை டிகிரி பாரன்ஹீட்!

இந்த அரை டிகிரியைத் தவறில்லாமல் அளக்க ஜூல் பட்ட பாட்டைப் பாருங்கள். மான்செஸ்டரில் டான்சர் என்ற கருவி நிபுணரைக் கொண்டு, ஒரு டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைக்கூடப் படிக்கக்கூடிய வெப்பமானிகளைச் செய்துகொண்டார். வெளிச் சூடு மாறாமல் இருக்க நிலவறையில் சோதனை நடத்தினார். தன் உடம்புச் சூடு பாத்திரத்தைப் பாதிக்கக் கூடாது என்று நடுவில் பெரிய மரத்தடுப்பு வைத்தார்! கப்பிகளின் உராய்வு எவ்வளவு வேலையை விழுங்குகிறது என்று தனியாக அளந்து கழித்தார். எடைகள் தரையில் மோதும்போது மிச்சமிருந்த வேகத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார். இதையே தண்ணீரில் மட்டும் நாற்பது முறை செய்தார். பிறகு பாதரசத்திலும், இரும்பை இரும்போடு தேய்த்தும் செய்து பார்த்தார்.

பின்வரிசையில் ஓர் இளைஞர்

துடுப்புச் சோதனையின் முந்தைய வடிவத்தை ஜூல் 1845இல் கேம்பிரிட்ஜில் விவரித்திருந்தார். 1847 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் மறுபடி ஒரு கூட்டம். நேரம் இல்லை, சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். ஜூலும் சுருக்கமாகப் பேசி முடித்தார். வழக்கம்போல அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் அங்கே வில்லியம் தாம்சன் என்ற இளம் பேராசிரியர் இருந்தார். வயது இருபத்துமூன்றுதான். முதலில் ஜூல் சொல்வது தப்பு என்றுதான் அவருக்குத் தோன்றியது. கேட்கக் கேட்க, இதில் பெரிய உண்மை இருக்கிறது என்று புரிந்தது. அவர் காட்டிய ஆர்வத்தால் மற்றவர்களும் ஜூலைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னாளில் கெல்வின் பிரபு என்று புகழ்பெற்றவர் இந்தத் தாம்சன்தான்.

அந்த ஆகஸ்டில் ஜூலுக்கும் அமீலியா கிரைம்ஸ் என்ற பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. புதுமணத் தம்பதியர் ஆல்ப்ஸ் மலைப் பக்கம் போனார்கள். அங்கே நடந்து போய்க்கொண்டிருந்த தாம்சன் எதிரே பார்த்தால், ஜூல் கையில் நீளமான வெப்பமானியோடு வருகிறார்! புது மனைவி பின்னால் வண்டியில் வருகிறார். தாம்சன் பிற்காலத்தில் சொன்ன கதை இது. அருவியின் மேலேயும் கீழேயும் தண்ணீரின் வெப்பநிலையை அளப்பதுதான் திட்டம். உயரத்திலிருந்து விழும் தண்ணீரும் இறங்கும் எடைக்கல் மாதிரிதானே! அடியில் அது கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும். நயாகரா அருவியின் அடியில் தண்ணீர் ஒரு பாரன்ஹீட் டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு சூடாக இருக்கும் என்று ஜூல் ஏற்கெனவே கணக்கிட்டிருந்தார். பாவம், ஆல்ப்ஸ் அருவியில் தண்ணீர் சாரலாகச் சிதறியதால் அளக்க முடியவில்லை.

1849இல் ஜூலின் பெரிய கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. அதை அங்கே முன்வைத்தவர் மைக்கேல் ஃபாரடே! ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க, 772 பவுண்டு எடை ஓர் அடி இறங்கும் அளவு வேலை தேவை என்பது அதன் முடிவு. இன்றைய கணக்குப்படி அது 778. மரத்தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தவரின் கணக்கில் தவறு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை! ஒரு காலத்தில் அவர் கட்டுரையைத் தள்ளிவிட்ட ராயல் சொசைட்டி, 1850இல் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

துயரமும் தொடர்ந்த உழைப்பும்

ஜூலும் தாம்சனும் 1852 முதல் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அழுத்தப்பட்ட வாயு ஒரு சிறிய தடையின் வழியாக வெளியேறி விரியும்போது பெரும்பாலும் குளிர்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். காற்றையே குளிர வைத்துத் திரவமாக்கும் தொழில் பின்னர் இதிலிருந்துதான் வளர்ந்தது.

ஆனால் 1854 ஜூலுக்குக் கொடுமையான ஆண்டாக அமைந்தது. மனைவி அமீலியா இறந்துபோனார். ஒரு மகனும் ஒரு மகளும் தாயில்லாப் பிள்ளைகள் ஆனார்கள். அதே ஆண்டில் குடும்பத்தின் ஆலையும் விற்கப்பட்டது. கூச்ச சுபாவமுள்ள ஜூல் இன்னும் ஒதுங்கிப் போனார். ஆனாலும் அளப்பதை அவர் விடவில்லை.

வேலையும் வெப்பமும் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவை என்று ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் மாயர் என்ற மருத்துவர் 1842இலேயே எழுதியிருந்தார். யார் முதலில் என்று பெரிய சச்சரவு எழுந்தது. ராயல் சொசைட்டி தன் உயரிய காப்ளி பதக்கத்தை 1870இல் ஜூலுக்கும், 1871இல் மாயருக்கும் கொடுத்தது. ஆற்றலை உண்டாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றத்தான் முடியும் என்ற விதி, இவர்களைப் போலப் பலரின் உழைப்பில் எழுந்தது.

அறுபது வயதை நெருங்கும்போது ஜூல் மறுபடியும் துடுப்புக் கருவியோடு உட்கார்ந்தார். தன் பழைய எண்ணைத் தானே சரிபார்த்தார். 1878இல் வெளியான புதிய விடைதான் 772.55! அதற்குள் சொத்து கரைந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டு அரசாங்கம் அவருக்கு வருடம் 200 பவுண்டு உதவித்தொகை வழங்கியது.

1889இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடு, ஆற்றலின் அலகுக்கு ஜூல் என்று பெயர் வைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி அவர் சேல் ஊரில் காலமானார். மான்செஸ்டர் நகர மன்றக் கட்டடத்தின் நுழைவாயிலில் இன்று இரண்டு சிலைகள் இருக்கின்றன. ஒன்று டால்டன். இன்னொன்று ஜூல். குருவும் சீடனும்!

இன்று ஒரு ஜூல் என்றால் எவ்வளவு? நூறு கிராம் எடையுள்ள ஒரு பொருளை ஒரு மீட்டர் தூக்கினால் ஏறக்குறைய ஒரு ஜூல் வேலை. வீட்டுக்கு வரும் மின்சாரக் கட்டண அட்டையில் ஒரு யூனிட் என்று போட்டிருக்கிறதே, அது 36 லட்சம் ஜூல்! விளக்கை அணைக்காமல் வெளியே ஓடும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செய்து பாருங்கள்

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது, அடிப்பதற்கு முன் பம்ப்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். இருபது முப்பது முறை வேகமாக அடித்துவிட்டு மறுபடி மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். நீங்கள் போட்ட வேலையில் ஒரு பகுதி அங்கே வெப்பமாக நிற்கிறது. 1844இல் ராயல் சொசைட்டி ஒதுக்கிய கட்டுரையில் ஜூல் அளந்தது இந்த வெப்பத்தைத்தான்.

உங்கள் கைக்கு அது வெறும் வெதுவெதுப்பு. ஜூலோ அது எவ்வளவு என்று கேட்டார். விடை சரியாக வரும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்!